காற்றுக்குக் கட்டிய துணி

போன சனிக்கிழமை வீட்டுக் கொல்லையில் நாலு இரும்பு பைப் நட்டேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எல்லாம் ஒரு துணியால்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஆரல்வாய்மொழிக்காரன். காற்றாலையில் காவல் வேலை பார்த்தவன். படிப்பு குறைவு, பேச்சும் குறைவு. என் மனைவி தங்கம் பூ கட்டுகிறாள். தோவாளைச் சந்தையிலிருந்து மதியம் பிச்சிப்பூ வரும். சாயங்காலத்துக்குள் சரமாக்கிக் கொடுக்க வேண்டும். கொல்லையில் வேப்பமரத்தடியில்தான் அவள் இடம்.

போன ஆடிக் காற்றில் வேம்பு சாய்ந்தது.

வெயிலில் பூ வாடும். வீட்டுக்குள்ளோ மேலே தகர ஷீட்... மதியம் அடுப்புதான். தங்கம் தோவாளைக்கே போய்க் கட்டத் தொடங்கினாள். எனக்குச் சோறு மூடி வைத்திருக்கும். தனியாகத் தின்றால் சோறு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஒருநாள் சொன்னாள்:

“சந்தைப் பக்கத்துல ஒரு ரூம் வாடகைக்கு வருதாம். நாங்க நாலஞ்சு பொம்பளைய சேந்து எடுக்கப் போறோம். காலையில போனா இனி இருட்டினாத்தான் வருவேன்.”

“கொஞ்சம் பொறு. கொல்லையில நெழல் வரும்.”

“ஏன், வேம்பு நாளைக்கே மொளைக்குமாக்கும்?”

பீரோ மேலிருந்த பொட்டலத்தை எடுத்தேன். சார்ஜாவில் இருக்கும் மகன் லீவில் கொண்டு வந்த துணி. சதுரம். நாலு மூலையிலும் இரும்பு வளையம். அங்கே நிறுத்தியிருக்கும் கார்களுக்கு மேல் இப்படித்தான் கட்டுவார்களாம். காருக்கு நிழல் வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது!

அடுத்த வீட்டு ஜெபமணி உதவிக்கு வந்தான். அவனும் என்னோடு காற்றாலையில் இருந்தவன். காலை முழுக்க எங்களுக்கு ஒரே பேச்சு – காற்று.

“மேக்கு மூலையத் தாழ்த்தும் வேய். காத்து துணிக்கு அடியில நொழஞ்சா பெறவு பணகுடியிலதான் போய்த் தேடணும்.”

“கெழக்க ஒசத்திரலாமா?”

“நல்லா ஒசத்தும். நம்ம ரெண்டு வீட்டு மதிலை ஒட்டியே நடும். மதிலும் கூட நிக்கும்லா.”

ஓலை எங்கள் ஊரில் நிற்காது. தகரம் பறக்கும். பறந்து போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் குழியை ஆழமாகத் தோண்டினோம். காங்கிரீட் போட்டோம். அது இறுகும்வரை காத்திருந்து, செவ்வாய்க்கிழமை உச்சி நேரத்தில் துணியை ஏற்றித் திருகுக் கொக்கியை முறுக்கினோம். தட்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் வந்தது.

நிழல் சரியாக வேம்பு நின்ற இடத்தில் விழுந்தது. பாயை விரித்து வைத்தேன்.

அப்புறமும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன். கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். காற்று வந்தது. பைப் அசையவில்லை. இருந்தும் திரும்பப் போய்த் தொட்டேன். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்... தரையை யார் பார்த்தது?

நிழல் தயார் என்று சொல்லியனுப்பியிருந்ததால் மூன்று மணிக்குத் தங்கம் சந்தையிலிருந்து பூக்கூடையோடு வந்தாள். நின்றாள். பாய் வெயிலில் கிடந்தது. நிழல் மதிலைத் தாண்டி ஜெபமணி வீட்டுத் துவைகல்லின் மேல் ஜோராகப் படுத்திருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெபமணியின் மனைவி ஸ்டெல்லா சிரித்த சிரிப்பு ரோடு வரை கேட்டிருக்கும்.

“அண்ணாச்சி, எங்க துவைகல்லுக்குக் கொடை புடிச்சதுக்கு ரொம்ப சந்தோசம், கேட்டியளா!”

தங்கம் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

“காத்து எங்கேருந்து வரும்னு ரெண்டு பேரும் நல்லாத்தான் பாத்திய. சூரியன் எங்க போவும்னு யாருக்கும் தோணலியா?”

ஜெபமணி தலையைச் சொறிந்தான். “ஆனா ஒண்ணு மயினி... துணி அசையல பாத்தியளா?”

எது நம்மை அடித்ததோ அதையே முறைத்துக்கொண்டிருக்கிறோம். மற்றது நகர்ந்து போவது தெரிவதில்லை.

கடப்பாரையை எடுத்தேன். நாலையும் பிடுங்கி நடுவது என்று. நிமிர்ந்தபோது தங்கத்தைக் காணோம். மதில் இடிந்த சந்து வழியாக அந்தப் பக்கம் போயிருந்தாள். துவைகல் பக்கத்தில் அவளும் ஸ்டெல்லாவும் கூடையை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே என் துணி.

“பாரையக் கீழ வையுங்க,” என்றாள் அங்கிருந்தே. “இன்னும் சோறு திங்கலியா? தட்ட எடுத்துட்டு இங்க வாங்க.”

போனேன். மெதுவாகத் தின்றேன். சந்தை ரூம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அதுக்கு வேற ஆளு பாத்துக்கிடுவாவ,” என்றாள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பைப்பை எப்போது மாற்றி நடப் போகிறீர் என்று ஜெபமணி தினமும் கேட்கிறான். காற்று அடங்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் காற்று அடங்குவதாவது!