நங்கூரம் மார்க்

உப்பளம் அன்வருதீனுக்கு மூக்குக்கு மேல் கோபம். மனிதர் மட்டும் அப்படி. அவர் அரைத்த பிரியாணி மசாலாவில் காரம் அளவாகத்தான் இருந்தது. தொண்ணூற்றாறில் அந்தப் பாக்கெட்டில் ஒரு நங்கூரம் படம் போட்டார். ஊரே அதை 'நங்கூரம் மசாலா' என்றது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது அனஸுக்கு. தங்கை சமீஹாவின் புருஷன். பல வருஷம் கடை கடையாக இந்த மசாலாவைப் போட்டவன், கூடவே இருந்து குழி பறித்தான். 2010 முதல் நங்கூரம் தன்னுடையது என்று மனுப் போட்டுத் தன் பேரில் பதிவு வாங்கிக்கொண்டு, 'இனி அந்தப் படத்தைப் போடாதே' என்று மச்சானுக்கே நோட்டீஸ் அனுப்பினான். வழக்கும் போட்டான்.

"பயப்படாதீங்க பாய்" என்றார் வக்கீல் சிந்துஜா. "பதிவு அவரு பேருல இருந்தாலும், அவருக்கு முன்னாடியிருந்தே விடாம வித்துட்டு வர்றவங்கள தடுக்க முடியாது. சட்டத்துலயே இருக்கு. பழைய பில்லு மட்டும் கொண்டாங்க."

அன்வருதீனுக்கு முகம் செத்துவிட்டது. அவர் பில் புத்தகம் ஒவ்வொன்றின் தலையிலும், அல்லாஹ்வின் பெயரைக் குறிக்கும் 786 என்று அச்சடித்திருக்கும். அதைக் குப்பையில் போடலாமா? வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால், பழைய புத்தகங்களைச் சாக்கில் கட்டி, குருசுக்குப்பத்துப் படகில் ஏற்றி, நடுக்கடலில் மரியாதையோடு இறக்கிவிட்டு வருவார். கடைசி மூன்று வருஷத்து பில்தான் மிச்சம். லேபிள் அடித்துக் கொடுத்தவரும் இறந்துவிட்டார்.

வழக்கு முடியும்வரை அனஸுக்குப் பொறுமை இல்லை. ஒரு காலையில் இரண்டு தடியர்களோடு வந்து, பதிவுச் சான்றிதழைக் கல்லாமேல் அடித்தான்.

"நங்கூரம் என்னுது மச்சான். எல்லாத்தையும் எடுத்துடு!"

"கோர்ட்டு ஆர்டர் எங்கடா?"

பதிலுக்கு மூட்டைகள் கிழிந்தன. மிளகாய்த்தூள் கடை முழுக்கப் பறந்தது. ஒருவன் இரும்புக் கம்பியால் அன்வருதீனின் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. தடுக்க ஓடிவந்த மனைவி கனீஸ் பாத்திமாவை அனஸ் பிடித்துத் தள்ளினான். அரவை மெஷினில் தலை மோதி, நெற்றி பிளந்து, ரத்தம் மசாலாவில் சொட்டியது.

அன்வருதீன் நல்ல கையால் பூண் போட்ட உலக்கையை எடுத்தார். முதல் அடி அனஸின் கன்னத்தில் விழுந்தது. தடியர்கள் ஓடிவிட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாவி மனுஷன் நிறுத்தவில்லை. கீழே கிடந்தவனின் முகத்திலேயே அடித்தார், கை ஓயும்வரை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அனஸ் புகார் சொல்லிக் கைநாட்டு வைத்தான்: "2004லேர்ந்து இவரோட நங்கூரம் மசாலாவ ஊர் ஊரா கொண்டு போய் வளத்து விட்டவன் நான். அந்த நன்றி கூட இல்லாம அடிச்சிட்டாரு." நுணலும் தன் வாயால் கெடும். சிந்துஜா அந்தப் புகாரின் நகலை வழக்கில் தாக்கல் செய்தார். 2010க்கு முன்னாலேயே அது அன்வருதீனின் மார்க் என்று எதிராளியே ஒப்புக்கொண்டாயிற்று. அனஸின் வழக்கு தள்ளுபடியானது; பதிவும் ரத்தானது. அடிதடிக் கேஸில் அன்வருதீன் ஜாமீனில் இருக்கிறார்.

தீர்ப்பு வந்த வாரம் சமீஹா கடைக்கு வந்தாள்.

"ஜெயிச்சிட்டியாமேண்ணே."

அவர் தலை நிமிரவில்லை.

"அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. இனிமே வராதுன்னுட்டாங்க. செவுத்த தடவிதான் நடக்கறாரு. நேத்து வேற மசாலா போட்டு ஆக்கினேன். ஒரு வாய்தான் வெச்சாரு. 'இது நம்ம நங்கூரம் இல்லியே'ன்னு தட்ட தள்ளிட்டாரு." கையை நீட்டினாள். "ஒரு பாக்கெட்டு குடு."

எடுத்துக் கொடுத்தார். அவள் படியிறங்கிய பிறகு, கல்லாவில் கவிழ்ந்து சத்தம் போட்டு அழுதார்.