தோவாளையில் பூக்கட்டும் கதையும்

தோவாளைப் பூச்சந்தையின் பின்பக்கம் நான்கு பெண்கள் பிச்சிப்பூ கட்டுகிறார்கள். ஐந்தாமவரான செல்வி அவர்களுக்கு நாவல் வாசிக்கிறார். வாசிப்புக்குக் கூலியாக, அவர் பங்குப் பூவையும் மற்றவர்களே கட்டிவிடுகிறார்கள்.

"உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்கிறேன்.

"இன்னும் முடியாத பொஸ்தவந்தான் அண்ணே," என்று செல்வி பக்கத்தைப் புரட்டுகிறார்.

கதையில் கல்யாண வீடு, ஒரே சிரிப்பு. செல்வியோ முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்.

மூத்தவரான மேரியக்கா நாரைக் கீழே வைக்கிறார். "ஏட்டி, கல்யாணத்துல எதுக்கு அழுவுத? மிச்சத்த வீட்டுல வச்சே படிச்சிட்டியா?"

"பொறுக்க முடியல்லக்கா."

செல்வியின் பூ செல்வியிடமே திரும்புகிறது. மேரியக்கா எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். மணமகன் பந்தலுக்கு வருவதற்குள் மற்றவர்களுக்குக் கொட்டாவி வருகிறது.

ஒருவர் செல்வியின் பூவைத் தன் பக்கம் இழுக்கிறார். "அவளே படிக்கட்டும். ஆனா பொஸ்தவம் இனி வீட்டுக்குப் போவாது."