பாட்டு யாருடையது என்று கேட்டார்கள்

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் நாங்கள் பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தோம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். பள்ளியை மூடிய பிறகு, முந்தைய நூற்றாண்டில் அமெரிக்காவில் பாட்டெழுதிய ஒருவரின் கதையைத் தமிழில் எழுதத் தொடங்கினார். அந்த மனிதர் எழுதியதை நாடே பாடியது. ஆனால் நாற்பது வயதைத் தொடுமுன், பக்கத்தில் ஆளில்லாமல் செத்துப்போனார். எதிரி நாட்டுக்காரனைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில், ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு ஜப்பானிய அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். கூடவே மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்தார்கள். ரேடியோ இல்லை. பாய்க்கு அடியில் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படம் ஒட்டியிருந்தது.

யார் இது என்று அதிகாரி கேட்டார். செத்துப்போன அமெரிக்கர், பாட்டு எழுதியவர் என்றார் என் கணவர். அவருக்குப் பொய் வராது. ஒரு சிப்பாய் அவருடைய வலது கையைப் பின்னால் முறுக்கினான். அவன் எழுதிய பாட்டு ஒன்றைப் பாடு என்று உத்தரவு வந்தது. அவருக்குக் குரல் எழவில்லை. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த ஒன்றை, கதவைப் பிடித்துக்கொண்டு நான் பாடினேன்.

இரண்டு வரிதான். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அதிகாரி சின்ன வயதில் பள்ளியில் பாடிய ஜப்பானியப் பாட்டாம் அது. அமெரிக்கனுடையது என்று யார் சொன்னது என்று கேட்கிறாராம்.

என் கணவர் வாயைத் திறந்தார். மெட்டு அமெரிக்கருடையதுதான், ஜப்பான்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் சொற்களைப் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லப் போகிறார்; எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டு மலாயில் சொன்னேன்: "உங்க பாட்டுதான், துவான். இவர் தெரியாம எழுதிட்டார்."

அதிகாரி படத்தைக் கிழித்துப் போட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "செத்துப்போன அந்த மனுஷனுக்குன்னு மிஞ்சினது பாட்டு ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக் கொடுத்திட்டே."

"எனக்கு நீங்க உயிரோட வேணும்" என்றேன்.

பிறகு கிள்ளானில் என் அக்கா வீட்டுக்குப் போய், மரவள்ளி நட்டுப் பிழைத்தோம். முறுக்கிய கை அவருக்குப் பேனா பிடிக்க வளையவில்லை. ஒரு நாள் அவராகவே கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதினேன். அந்த மனிதர் சாகும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, நீயே எழுது என்றார். நாலு வரியில் முடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் இடது கையால் திருத்தினார்.