முசிறிப் பக்கம் ஒரு முகாமும் மண்டபத்துக்கு வராத மருதாயியும்

கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தப் போகும் சில இளம் நர்ஸுகள், "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்" என்று கேட்டார்கள். அனுபவம் என்றால் எனக்கு அந்த ஒரு பயணம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். நான் நர்ஸ், கூட வந்தவர் எங்கள் டாக்டரம்மா. அவ்வளவுதான் எங்கள் படை!

காலை ஆறு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். முசிறிக்கு நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். ஸ்ரீரங்கத்தில் பூக்கூடைக்காரர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. என் மடியில் இருந்த டின்னைப் பார்த்துக் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, டின்னுல சரக்கா?"

"பரிசோதனைக் கண்ணாடியை ஊறப்போடற ஸ்பிரிட்டுங்க. குடிச்சா நேரா எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்."

முசிறியிலிருந்து இன்னும் நாலு கிலோமீட்டர். வாழைத்தார் ஏற்றப்போன டிராக்டரில் தொற்றிக்கொண்டோம். "கெட்டியாப் பிடிச்சுக்குங்க டாக்டரம்மா. நீங்க விழுந்துட்டா உங்களுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?" என்று டிரைவர் வேறு கிண்டல்.

ஊர்ப் பெரியவர்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கூரை உண்டு, தண்ணீர் உண்டு, மறைப்புக்கு வேட்டி கட்டிவிட்டார்கள். கூட்டமும் நன்றாகவே வந்தது. டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "மாசக் கணக்கு தப்பி ரத்தம் போகுதா?" எல்லோரும் இல்லை என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. "இத்தனை பேர்ல ஒருத்திக்குக்கூடவா இருக்காது?" என்று முணுமுணுத்தார்.

கை கழுவப் போன இடத்தில், தண்ணீர் ஊற்றிய பாப்பாத்தியிடம் சும்மா கேட்டுவைத்தேன். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத பெண்.

"அப்படி இருக்கறவ எப்படிங்க சிஸ்டர் கோயிலுக்குள்ள காலெடுத்து வைப்பா?" என்றாள் அவள். "எங்க நாத்தனா மருதாயி ஆறு மாசமா வீட்டுக்குத் தூரம். கொல்லையிலதான் இருக்கு."

"ஆறு மாசமாவா!"

"நிக்கவே இல்லீங்களே."

மாதாவே என்று தலையில் அடித்துக்கொண்டேன். யாரைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோமோ, அவர்கள் வர முடியாத இடமாகப் பார்த்துக் கடை விரித்திருக்கிறோம்!

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் மருதாயி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு. என்னைப் பார்த்ததும், "எட்ட நில்லுங்க, தீட்டு" என்று ஒடுங்கினார்.

"நான் தினமும் ரத்தத்துல கை வைக்கறவ. ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும், எழுந்திரிங்க" என்றேன்.

வாழைத்தோட்டத்துப் பம்புசெட் அறைக்குக் கடையை மாற்றினோம். ஒரு பெஞ்சு, ஒரு டார்ச். மருதாயி வரப்பு வழியாக வந்தார். அவர் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, வாழை மறைவில் நின்றிருந்த இன்னும் சில பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காலையிலிருந்து அவர்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து மருதாயியின் தம்பியைத் தனியாக அழைத்தார். "புற்றா இருக்கும்னு பயப்படறேன். இன்னும் ரொம்பப் பரவலைன்னு தோணுது. உடனே திருச்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கைகட்டி நின்று, "தீட்டு நிக்கட்டுங்க, கண்டிப்பா அனுப்பறேன். இப்படியே எப்படி நாலு பேரோட பஸ்ஸுல ஏத்தறது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அது நிக்கட்டும்னு நீங்க காத்திருந்தா அவங்க இருக்க மாட்டாங்கய்யா!"

கேட்டுக்கொண்டிருந்த பாப்பாத்திதான் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், இரண்டு சேலையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். "உங்க அக்காவ நானே கூட்டிட்டுப் போறேன். மாட்டை நீங்க பாத்துக்குங்க" என்றாள் புருஷனிடம். சாயங்கால பஸ்ஸில் நாலு பேருமாகத் திருச்சி திரும்பினோம். மருதாயி நடு சீட்டில், டாக்டரம்மாவுக்கும் எனக்கும் இடையில் உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. ஆபரேஷன் நடந்தது, ஊரில் கரண்டு வைத்தியம் என்பார்களே, அந்தக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். மருதாயி பிழைத்துக்கொண்டார்.

நீங்கள் போகும்போது, முதல் பஸ்ஸில் போங்கள். பெண்கள் காட்டுவேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிடலாம். பம்புசெட், பள்ளிக்கூடம், நெல் களம், எந்த இடம் கிடைத்தாலும் சரி, கோயில் மட்டும் வேண்டாம். வந்த கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போய்த் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப் பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருதாயி கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "அதான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு அழறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சிஸ்டர், கொல்லையிலயே கெடந்து செத்துச்சு. நான்தான் எட்ட நின்னு தட்டைத் தள்ளிவிடுவேன். அது நோவுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே."