மூன்றாவது வரிசையின் கைகள்

கைதட்டல் தானாக வருகிறது என்று நினைப்பவர்கள் நல்லவர்கள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும். தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஒரு கூடம் நிறைய ஆட்களை உட்கார வைத்து, தலைக்கு மேல் சூடான விளக்குகளைப் போட்டு, எதிரே கேமராவை நிறுத்திவிட்டால், பாட்டு முடிந்த பிறகும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். முதலில் தட்ட எல்லோருக்கும் வெட்கம். அந்த வெட்கத்தை உடைப்பதற்கென்றே ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுத்து, மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

நிலையத்தில் அவளுக்குப் பெயர் தட்டக்கா. முதலில் உடை அறையில் பித்தான் தைக்க வந்தவள். ஒருநாள் ஒத்திகையில் ஒரு பாட்டுப் பிடித்துப்போய், வாயில் நூலும் தோளில் யாருடையதோ ஒரு சட்டையுமாக எழுந்து நின்று தட்டினாள். அந்தச் சத்தத்தில் ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டாராம். "உனக்குக் கை முறம் மாதிரி, வாய்தான் திறக்காது" என்று அவள் அம்மா சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறாள். அந்த முறக் கைதான் பிறகு வீட்டுக்குச் சோறு போட்டது.

அதிலும் ஒரு வித்தை இருந்தது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் சப்பென்று கேட்கும், கொஞ்சம் குழித்தால் கனமாகக் கேட்கும். பாட்டின் கடைசிச் சொல் தேய்வதற்குள் முதல் தட்டு விழுந்தாக வேண்டும். பிந்தினால் கூட்டம் தயங்கும், தயங்கிய கூட்டத்தை எழுப்புவது அணைந்த அடுப்பை ஊதுவது மாதிரி. இன்னும் சத்தம் வேண்டுமென்றால் எழுந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவாள். அவ்வளவுதான், கூரை பறக்கும்.

அந்தக் காலத்து 'சனிக்கிழமை மேடை' முழுக்க நேரடி ஒளிபரப்பு. மைக் செத்துப்போகும், பின்னால் மாட்டிய திரை சரியும், பாடுகிறவனுக்கு வரி மறந்துபோகும். பழைய தயாரிப்பாளர் அவளுக்கு ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். "எது கெட்டாலும் முதல்ல தட்டிடும்மா. ஜனங்க தட்டிக்கிட்டு இருக்கறப்போ தப்பு கண்ணுக்குத் தெரியாது." மற்ற எல்லோருக்கும் சொன்னது இன்னொன்று: கைதட்டல் ஓயும் வரை ஒருத்தனும் மேடைக்குள் கால் வைக்கக் கூடாது. இரண்டையும் அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். புதிதாக வந்த பையன்கள் அவசரப்பட்டு மேடைக்குள் ஓடினால் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரே தம்பி. தலை நிறையச் சுருள் முடி, அதனால் சுருட்டை. அப்பா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கிட்டாரும் கையுமாகத் திரிந்தவனை, தயாரிப்பாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவள்தான் மேடையேற்றினாள். முதல் பாட்டு. கடைசி வரியில் குரலை உச்சிக்குக் கொண்டுபோனான். அங்கேயே கால் ஒயரில் சிக்கி, வெட்டிய மரம் போலக் குப்புற விழுந்தான். கூடம் மூச்சுவிடவில்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் கை தன் வேலையைச் செய்தது. தட்டினாள். அவள் தட்டியதும் கூட்டமும் தட்டியது. ஓ, இதெல்லாம் ஏற்பாடுதான் போலிருக்கிறது என்று எல்லோரும் எழுந்து நின்று தட்ட, அவன் எழுந்து முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான்.

அவ்வளவுதான், பிறந்தது ஒரு நட்சத்திரம். மறுவாரம் கடிதங்கள் மூட்டையாக வந்தன. இனி ஒவ்வொரு தடவையும் விழு என்றார் தயாரிப்பாளர். அவனும் பழகிக்கொண்டான். கடைசி வரியில் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது கையை முன்னால் விட்டு விழுவான், பார்ப்பவர்களுக்குக் குப்புற விழுந்ததாகத் தெரியும். கைதட்டல் உச்சத்துக்குப் போகும்போது எழுந்துகொள்வான். கறுப்பு வெள்ளை கலரானபோதும் விழுந்தான், இசைத்தட்டு போய் கேசட் வந்தபோதும் விழுந்தான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவனைப் போல விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார்கள். பல் வைத்தியர்கள் அவனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

அவர்கள் அம்மாவுக்கு மட்டும் அது ஆகாது. கடைசி வரி வரும்போது தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். "விளையாட்டு வினையாகும்டி. விழுந்து விழுந்து பிழைக்கிறது ஒரு பிழைப்பா?" என்பாள். அக்கா சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்தப் பயம் உண்டு. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நிற்கும் வரை அவன் மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டாள்.

பிறகு காலம் மாறியது. கைதட்டலை ஒரு நாடாவில் பதிவுசெய்து, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார்கள். பதிவானதே அவள் எழுப்பிய கைதட்டல்தான். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'சனிக்கிழமை மேடை'யும் நின்றது. தம்பி கடை திறப்பு விழாக்களில் பாடினான், அங்கேயும் விழுந்தான். சுருட்டைக்குச் சுருளும் போயிற்று, முடியும் போயிற்று.

நிலையத்துக்குப் பொன்விழா வந்தது. அந்த நாள் பாடகர்களை எல்லாம் மறுபடி ஒரே மேடையில், அதே மாதிரி நேரடியாக, என்று விளம்பரம் போட்டார்கள். சேர்ந்து பாடிப் பேர் வாங்கிய மூன்று சகோதரிகளில் மிச்சமிருந்த இரண்டு பேர் வந்தார்கள். டிரம் அடித்தவர் கைத்தடியோடு வந்தார். தட்டக்காவையும் தேடிப்பிடித்து, அதே ஓர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். சுருட்டைதான் கடைசி. பாட வேண்டும், விழ வேண்டும்.

ஒத்திகையிலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியது. விழுந்தவன் எழ நேரமானது. எழுந்தவன் சிரிக்கவில்லை. மேடைப் படியில் உட்கார்ந்து தாடையை அமுக்கிக்கொண்டான். கழுத்தெல்லாம் வேர்வை. குளிரூட்டிய அரங்கில் மற்றவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லக்கா. வாயுத் தொல்லை. காலைல இருந்தே இப்படித்தான்."

"வாயு தாடைக்கா வரும்? வா, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

"போனா படுக்க வெச்சிடுவாங்க. நாளைக்கு நிகழ்ச்சி முடியட்டும், நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"பாட்டை மட்டும் பாடு. விழ வேண்டாம்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டுக்கா கூப்பிட்டாங்க? என் பாட்டு ஒரு வரி சொல்லு பாக்கலாம்னு வெளிய யாரையாவது கேளு. தெரியாது. விழறவன்னுதான் தெரியும்."

அவள் புதுத் தயாரிப்பாளரிடம் போனாள். சின்ன வயதுப் பெண், மரியாதையானவள், காதில் கருவியும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக ஓடிக்கொண்டே இருந்தாள். "பயப்படாதீங்கம்மா. அடியில மெத்தை போட்டுடறோம். திரைக்குப் பின்னாடி டாக்டர் இருப்பார், வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கும். அந்த விழறது இல்லாம நிகழ்ச்சியே இல்லம்மா" என்றாள். மெத்தை, டாக்டர், ஆம்புலன்ஸ். விழாமல் இருப்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. விடிந்தபோது ஒரு வழி தோன்றியது. அவளுக்குத் தெரிந்தது ஒரே தொழில், வழியும் அந்தத் தொழிலுக்குள்ளிருந்துதான் வந்தது. மாலையில் ஒப்பனை அறைக்குப் போய், முகத்தில் பவுடர் அப்பியிருந்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவுடருக்கு அடியில் அவன் நிறம் சாம்பலாக இருந்தது.

"இங்க பாரு. நீ கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள நான் தட்டிடறேன். கூட்டத்தை எழுப்பிடறேன். எல்லாரும் எழுந்து நின்னு தட்டிக்கிட்டு இருந்தா நீ விழ வேண்டிய அவசியமே இல்ல. நின்னபடியே ஒரு வணக்கம் போட்டுட்டு உள்ள போயிடு. யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"முந்தித் தட்டறதா? நீயா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நானேதான். விழ மாட்டேன்னு சொல்லு."

கண்ணாடியைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "சரிக்கா. விழல. உன் கையை நம்பி நிக்கிறேன்."

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. தலை நரைத்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து, இதோ இப்போ விழுவார் பாரு என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சகோதரிகள் பாடினார்கள், கைத்தடிக்காரர் டிரம் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் தட்டக்கா தட்டினாள். கை இன்னும் விட்டுப்போகவில்லை. பிறகு விளக்குகள் தணிந்து, சுருட்டை வந்து நின்றான். கூட்டம் அவனைப் பார்த்ததுமே கொதித்தது. அவன் பாடிய குரல் பழைய குரல் இல்லை, அரைச் சுருதி கீழே இருந்தது, ஆனால் யார் கவலைப்பட்டார்கள்? அவள் பாட்டைக் கேட்கவே இல்லை. அவன் வாயையும் கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிக்கு முந்தின வரியில் எழுந்தாள். அவள் வாழ்நாளில் தட்டியதிலேயே பெரிய தட்டு அது. தொடர்ந்து தட்டினாள், திரும்பிக் கைகளைத் தூக்கி ஆட்டினாள். வரிசை வரிசையாகக் கூட்டம் எழுந்தது. அரங்கமே நின்றுகொண்டு தட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து மேடையைப் பார்த்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். அவளைத் தேடிப் பார்த்தான். வணக்கம் போடத்தான் கையைத் தூக்கினான், கை பாதியில் நின்றது.

அவன் விழுந்தான். உடம்பு திரும்பவில்லை. வலது கை முன்னால் வரவில்லை. மெத்தைக்கு அந்தப் பக்கம் வெறும் பலகையில் முகம் போய் மோதியது.

அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் காத்திருந்தது கிடைத்துவிட்டது. ஏற்கனவே எழுந்து தட்டிக்கொண்டிருந்த கூட்டம் இப்போது காலாலும் தரையை உதைத்தது. "நிறுத்துங்க! நிஜமா விழுந்துட்டான்! நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, முன்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினாள். தட்டக்கா இன்னும் கேட்கிறாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தை எழுப்பத் தெரிந்தவளுக்கு உட்கார வைக்கத் தெரியவில்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவுமில்லை.

மேடைப் படியில் ஒரு பையன் மறித்தான். "கைதட்டல் ஓயட்டும்மா. யாரும் போகக் கூடாதுன்னு..." அவனை ஒரே தள்ளாகத் தள்ளினாள். திரைக்குப் பின்னால் டாக்டரும் சிரித்த முகமாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தார். "வாய்யா! வாய்யா இங்க!" என்று அவரைப் பார்த்து அலறிக்கொண்டே ஓடி, தம்பியைப் புரட்டி மடியில் போட்டாள். நெற்றி பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதை அவன் வாயோடு ஒட்டி வைத்தாள்.

"நின்னுட்டுத்தான்கா இருந்தேன்" என்றான். "நான் விழலக்கா."

"தெரியும்டா. தெரியும்டா கண்ணு."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. டாக்டர் வந்து குனிந்து மார்பில் கை வைத்தார். கைதட்டல் ஓய இன்னும் வெகுநேரம் ஆனது.