ஒத்திகையில் நடந்த இணைச்சீர்

திருச்செங்கோட்டை அடுத்த எங்கள் சிற்றூரில் கடந்த மாசி மாதம் நடந்த படப்பிடிப்பைப் பற்றி இன்று ஆளுக்கொரு கதை உலவுகிறது. கதாநாயகன் எங்கள் வீட்டில் உணவருந்தினார் என்கிறார்கள். என் அக்காவுக்கு அந்தப் படத்தில் பெரிய வேடம் என்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல. நடந்ததே எனக்குப் போதுமானதாக இருப்பதால், நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேள்விப்பட்டவற்றை விலக்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பலருக்கும் மனப்பாடமான பழைய குடும்பப் படம் ஒன்று உண்டு. பாட்டுகளாலேயே கதை சொல்லும் படம். அதில் அண்ணனின் திருமணத்தில் தங்கை இணைச்சீருக்கு நிற்கும் பாட்டை எங்கள் ஊர்க் கோயில் திடலில்தான் எடுத்தார்கள். அந்தப் படம் உருவான விதத்தையே கதையாக்கி இப்போது ஒரு புதிய படம் எடுக்கிறார்கள். அன்றைய படப்பிடிப்பை அதே கோயில் திடலில் மறுபடி நடித்துக்காட்டக் குழுவினர் வந்திறங்கியபோது, தறிகளை நிறுத்திவிட்டு ஊரே அங்கே கூடியது.

இணைச்சீரை அறியாதவர்களுக்கு அதைச் சற்று விளக்க வேண்டும். கொங்கு நாட்டுத் திருமணங்களில் தாலி கட்டுவதற்கு முன், மணமகனின் உடன்பிறந்தாளை மணப்பெண்ணைப்போல் அலங்கரித்து அவனருகில் நிறுத்துவார்கள். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும். மறுமுனை அவள் கையில் இருக்கும். மனைவி வருவதற்கு முன்பே உனக்கென்று ஒருத்தி இருந்தாள், அவளைக் கைவிடாதே என்று சபையறியச் சொல்வதாகவே நான் அந்தச் சடங்கைப் புரிந்துகொண்டிருக்கிறேன். கணவனை இழந்தவர்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அறுபதைத் தாண்டிய எனக்கு உடன்பிறந்தவர் அக்கா ஒருவரே. என் திருமணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த அவருடைய கணவர் விபத்தில் இறந்துபோனார். ஆகவே என் இணைச்சீருக்குச் சித்தப்பா மகள் நின்றார். அக்கா பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் பழைய படத்தின் அந்தப் பாட்டை மட்டும் இணைச்சீர்காரியின் அசைவு ஒவ்வொன்றோடும் அறிந்து வைத்திருந்தார். புதிய படத்தின் செய்தி வந்த நாள் முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அந்தச் சீர ஒழுங்கா எடுக்கறாங்களான்னு பாக்கோணும்” என்று சொல்லிக் காலையிலேயே என்னுடன் திடலுக்கு வந்துவிட்டார்.

சேலத்திலிருந்து வரவேண்டிய நடிகர்கள் வழியில் தாமதப்பட்டார்கள். அதற்குள் ஒளிப்பதிவுக் கருவிகளை எங்கெங்கே வைப்பது என்று பார்த்துவிட எண்ணிய உதவி இயக்குநர், சென்னையிலிருந்து வந்த இளம்பெண், கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: உண்மையாகவே உடன்பிறந்தவர்கள் இருவர் சற்று நேரம் நின்று காட்ட முடியுமா? கூட்டம் எங்களை முன்னே தள்ளியது. படப்பிடிப்புக்கென்று வைத்திருந்த கூறைப்புடவையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள்.

அப்போது எங்கள் பங்காளி வீட்டுப் பெண்மணி குறுக்கே வந்தார். எந்தச் சடங்கிலும் முறை பிசகக் கூடாது என்பதில் ஊரிலேயே கண்டிப்பானவர்.

“ஏனுங்க அம்முணி, அவிய நிக்கறதுங்களா? ஊட்டுக்காரர் தவறிப் போயிட்டாருங்க. வேற ஆளப் பாருங்க.”

உதவி இயக்குநர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்தார். முன்னே வைத்த காலை அக்கா பின்னுக்கு இழுப்பதைக் கண்டேன். இந்த முறையும் அவர் ஒதுங்கிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேமராவுக்கு முன்னால நிக்கறதுக்கு எதுக்குங்க முகூர்த்தம்? மாப்பிள்ளையப் பாருங்க, பல்லுப் போன மாப்பிள்ளை. இவனுக்கு ஏத்த இணைச்சீர்காரி நாந்தான்.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அக்கா வந்து புடவையின் மறுமுனையைப் பற்றிக்கொண்டார். பங்காளி வீட்டுப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். சண்டைதான் என்று நான் அஞ்சினேன். அவரோ புடவையின் மடிப்பை ஆராய்ந்தார்.

“முந்தி அந்தப் பக்கம் வரோணுமுங்க. நிக்கறதுன்னு ஆயிப்போச்சு, அப்பறம் முறையா நில்லுங்க.”

சொல்லிவிட்டுத் தம் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். அக்காவின் கை தடுக்க உயர்ந்தது.

“சும்மா இருங்கக்கா. பூ வெக்காத இணைச்சீர்காரிய எந்த ஊர்ல பாத்திருக்கறீங்க? படம் பாக்கறவிய நம்ம ஊரத்தான சிரிப்பாங்க?”

முறை பிசகக் கூடாது என்று தடுத்தவரே, முறை பிசகக் கூடாது என்று பூ வைத்துவிட்டார். அவர் மனம் மாறினாரா, அல்லது அவருடைய கண்டிப்பே அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதா என்று நான் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் அந்தப் பழைய பாட்டைப் போட்டார்கள். எங்களை அசையாமல் நிற்கச் சொன்னார்கள். ஆனால் அக்கா பாட்டுக்கு ஏற்பத் தலையைத் தாழ்த்தினார், என்னை ஏறிட்டுப் பார்த்தார், புடவை முனையை மார்போடு சேர்த்துக்கொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. பாட்டு நின்ற பிறகும் நான் என் முனையைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன்.

“முடிஞ்சு போச்சு சாமி, உடு” என்றார் அக்கா.

நடிகர்கள் வந்து சேர்ந்ததும் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். புறப்படும்போது உதவி இயக்குநர் ஒரு செய்தி சொன்னார். அந்த ஒத்திகையையும் படம் பிடித்திருக்கிறார்களாம். இயக்குநருக்கு விருப்பமானால், படத்தின் முடிவில் பெயர்கள் வரும் இடத்தில் சேர்க்கக்கூடும் என்றார். “சேர்க்கக்கூடும்” என்பதற்கு மேல் அவர் எதையும் உறுதியளிக்கவில்லை. அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. படம் வந்தால் வேன் பிடித்துச் சேலத்துக்குப் போக வேண்டும் என்று பங்காளி வீட்டுப் பெண்மணியோடு சேர்ந்து இப்போதே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவ்விருவரும் ஒரே வரிசையில் உட்காரப்போவதாகப் பேச்சு.

என் திருமணத்தில் நடக்கத் தவறியது, ஓர் ஒத்திகையில், மேளமும் பந்தியும் இல்லாமல், ஊரார் கண்முன்னே நடந்துவிட்டது. அதை நடிப்பு என்று நான் கணக்கில் கொள்வதில்லை. பிந்தி வந்த சீர் என்றே கொள்கிறேன். படம் எப்போது வெளிவரும் என்பதும், நாங்கள் நின்ற அந்தச் சில நிமிடங்கள் அதில் இருக்குமா என்பதும் இதை எழுதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.