ஒருவரும் அமத்தாத பொத்தான்

தமிழ்ச் சனத்தைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, "விளங்கிச்சுதா?" என்று கேட்டு, வந்த பதிலை நம்பியவன் நான். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வளர்ந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை. வகுப்பில், வங்கியில், டொக்டரிடம், கலியாணம் பேசும் வீட்டில், எங்கும் "ஓம், ஓம்" தான். இவ்வளவும் தெரிந்துகொண்டே கேட்டேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் குடியேறி வந்த நகரத்தில், மில்லிக்கன் பக்கம் ஒரு பெரிய வெயர்ஹவுஸ். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற மருந்துத் திரவப் போத்தல்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எனக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வேலை. கீழே, பெட்டிகளைச் சரிபார்த்து எடுக்கும் றிசீவிங் பகுதியில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவது சுப்பவைசர் நேசன். அவருடைய ரெயினிங் முறை எளிமையானது. ஆளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பார், நடக்கும்போதே ஏசுவார். சுற்று முடிந்தால் ரெயினிங் முடிந்தது.

அந்த நாளில் கம்பனிகளுக்கெல்லாம் இன்ட்ராநெட் காய்ச்சல். மனேஜர் லிண்டா என்னைக் கூப்பிட்டார். "இனிப் புது ஆட்கள் எல்லோரும் ஒன்லைனில் படிக்கவேண்டும். உங்கள் மொழியிலேயே ஒரு கோர்ஸ் செய். நான் சொல்வது விளங்குகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யெஸ்" என்றேன்.

நூலகத்துக்குப் போய்க் கல்வி வடிவமைப்புப் புத்தகங்களைத் தூக்கிவந்தேன். தலையணைக்கு உகந்த தடிப்பு. கற்பவரிடம் அதிகாரத்தைக் கொடு என்று எல்லாமே சொல்லின. கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "விளங்கிச்சுதா?" என்று ஒரு கேள்வி, கீழே "ஓம்", "இல்லை" என்று இரண்டு பொத்தான். "ஓம்" அமத்தினால் அடுத்த பாடம். "இல்லை" அமத்தினால் அதே பாடம் படங்களோடு வேறு விதமாக. அதற்கும் "இல்லை" என்றால் இன்னொரு விதமாக.

என் உயிர் முழுவதும் அந்த "இல்லை" பக்கங்களில்தான் இருந்தது. உள்ளே போத்தல் உடைந்த பெட்டி மேலுக்கு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், அடியைத் தடவினால்தான் குட்டு வெளிப்படும் என்பது ஒரு பாடம். அந்தப் பெட்டியை நாலு பக்கத்தாலும் வரைந்தேன். அம்புக்குறி போட்டேன். கடைசிப் படத்தில் பெட்டிக்கு ஒரு அழுமூஞ்சியும் வைத்தேன்.

முதல் தொகுதி ஆட்கள் காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே முழுப் பாடத்தையும் முடித்துவிட்டார்கள். எல்லாம் "ஓம்". லிண்டா கைகொடுத்தார். நேசன் மட்டும் படியேறி வந்தார்.

"மாஸ்டர், உங்கட பல்கலைக்கழகத்தில பட்டம் எடுத்தவங்கள் கீழ வந்து, பெட்டியில எது மேல்பக்கமெண்டு என்னட்டக் கேக்கிறாங்கள்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் ஜெசிந்தா வந்தார். மன்னார்ப் பிள்ளை. வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தார். திங்கட்கிழமை ரெயினிங் அறைக்குள் போனவர் செவ்வாய் பின்னேரமும் வெளியே வரவில்லை. நேசன் திரும்பவும் படியேறினார்.

"மாஸ்டர், உந்தப் பிள்ளைக்கு மண்டையில ஒண்டும் ஏறாது. மற்றவங்கள் தேத்தண்ணிக்கு முதல் முடிக்கிறதை ரெண்டு நாளா வைச்சுக்கொண்டிருக்குது. புரொபேஷன்தானே, வெள்ளிக்கிழமையோட அனுப்பிவிடுறன்."

நான் எழும்பிப் போய்க் கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். திரையில் என் அழுமூஞ்சிப் பெட்டி! நான் வரைந்த நாளிலிருந்து ஒரு மனிதக் கண்ணும் படாத பக்கம். தன் புத்தகத்தைப் பஸ்ஸில் ஒருவர் விரித்து வைத்திருப்பதைக் கண்ட எழுத்தாளனின் நிலை எனக்கு. கதவைத் திறந்தேன். ஜெசிந்தா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தங்கச்சி, விளங்கேல்லையோ?"

"ஐயோ, விளங்குது அண்ணை. சும்மா... ஒருக்கா வடிவாப் பாப்பமெண்டு."

"பாருங்கோ, பாருங்கோ. ஒரு அவசரமுமில்லை."

"என்னை நிப்பாட்டப் போகினமோ? நேசன் அண்ணை வந்து ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போறார். அம்மா அப்பாவை இங்க கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறன் அண்ணை. இந்த வேலை இல்லாட்டி அது சரிவராது."

நேரே லிண்டாவிடம் போனேன். அந்தப் பிள்ளையின் வேலைக்காகப் பேசினேன் என்றுதான் அன்று நினைத்தேன். என் ஒரே வாசகியைப் பறிகொடுக்க மனமில்லை என்பதும் உள்ளே இருந்திருக்கும். "ஆர் படித்தது, ஆர் படிக்காதது என்று கீழே வைத்துப் பார்ப்போம்" என்றேன். லிண்டா சம்மதித்தார். அதில் தவறினால் ஜெசிந்தா போகவேண்டியதுதான் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. நேசன் தன் கையாலேயே ஒரு பெட்டிக்குள் போத்தலை உடைத்து, நல்ல பெட்டிகளோடு அடுக்கிவைத்தார். முதலில் "ஓம்" கோஷ்டியில் மூன்று பேர். ஒருவர் லேபலைப் பார்த்தார். ஒருவர் மேலே தட்டிப் பார்த்தார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி. மூன்றாமவர் முதல் இரண்டு பேரையும் பார்த்தார். மூவரும் "எல்லாம் ஓகே" என்றார்கள். நேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெசிந்தா வந்தார். அவசரப்படவில்லை. அடுக்கின் பக்கத்தில் குந்தி, அடிப்பெட்டியோடு தோளைச் சாய்த்து, கண்ணை மூடினார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் அமைதி. "கவனியுங்கள், அதுதான் முறை" என்று லிண்டாவின் காதில் சொன்னேன். அப்படி ஒரு முறையை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஜெசிந்தா கண்ணைத் திறந்து முழங்கையைத் தடவினார்.

"நேசன் அண்ணை, உது ஈரம்."

நேசன் குனிந்து பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். "நாளையிலயிருந்து காலமை ஷிஃப்ட்" என்று மட்டும் சொன்னார். அவருடைய அகராதியில் அது நியமனக் கடிதம்.

நான் கோர்ஸைப் பிரித்து மேய்ந்தேன். "விளங்கிச்சுதா?" எல்லாவற்றையும் தூக்கினேன். திரையில் ஒரு பெட்டி வரும். எங்கே கை வைப்பாய் என்று கேட்கும். பிழையான இடத்தில் அமத்தினால், கேட்காமலே விளக்கம் வரும். புது ஆட்கள் முதல் நாள் பின்னேரம்வரை திணறினார்கள். அடுத்த நாள் கீழே போய் ஒழுங்காக வேலை செய்தார்கள். இன்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விளங்கியதா என்று கேட்காதேயுங்கள். செய்யச் சொல்லிவிட்டுக் கையைப் பாருங்கள்.

லிண்டா என்னை மற்றக் கிளைகளுக்கும் பேச அனுப்பினார். போன இடமெல்லாம் ஜெசிந்தாவின் கதைதான். விளங்காததை விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே தமிழ்ப் பிள்ளை என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

சில வருஷம் கழித்து, அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கியதற்கு ஜெசிந்தா வீட்டில் ஒரு சாப்பாடு வைத்தார். எனக்கும் சொல்லியிருந்தார். சோற்றைப் பிசைந்தபடி, பெற்றவர்கள் கேட்டுப் பெருமைப்படட்டும் என்று அதே கதையை முழு ராகத்தோடு எடுத்துவிட்டேன். குழம்பு ஊற்ற வந்த ஜெசிந்தா அகப்பையோடு நின்று சிரித்தார்.

"ஐயோ அண்ணை, உதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறியள்? நான் அப்ப விடியும்வரை கோப்பிக்கடையில வேலைக்கு நிண்டிட்டு அப்பிடியே அங்க வாறனான். 'ஓம்' அமத்தினா அடுத்தது டக்கெண்டு வந்திடும். 'இல்லை' அமத்தினா உங்கட படம் திரையில மேலயிருந்து கீழ மெல்ல மெல்ல இறங்கும். ஒரு பெட்டி இறங்கி முடியிறதுக்குள்ள ஒரு கோழித்தூக்கம் போடலாம்."